மக்களைக் கேட்டதால் எது நின்றது?

“கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எந்த வேலையும் நடக்காது.” மும்பையில் மாநகராட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். மாட்டுங்காவில் பென்ஷன் வாங்கும் பெரியவர் சொல்கிறார். செம்பூரில் ஹவுசிங் சொசைட்டியின் செயலாளர் சொல்கிறார். தாராவியில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தின் பேரனும் சொல்கிறான். 2026 ஜனவரி 15-ஆம் தேதி தேர்தல் நடந்து கிட்டத்தட்ட நான்கு வருடமாகக் காலியாக இருந்த மாமன்றத்துக்கு 227 கவுன்சிலர்கள் வந்த பிறகு இன்னொரு வரியும் கூடச் சேர்ந்திருக்கிறது: “நிர்வாகி ஒருத்தரே பார்த்துக்கொண்டிருந்தபோது ஊர் நன்றாகத்தானே இருந்தது?”

இதைச் சொல்பவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கவுன்சிலர் கமிஷன் கேட்பதை அவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். கூட்டம் போட்டால் சத்தம் போடுபவன் ஜெயிப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த அனுபவத்திலிருந்து அவர்கள் போய்ச்சேரும் முடிவு, இந்த ஊரில் இருபது வருடமாக நடந்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. மும்பையில் கெட்டுப்போன பெரிய காரியங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். மக்களைக் கேட்டதால் நின்றது எது என்று எனக்கு யாராவது காட்ட வேண்டும். கேட்காமல் ஆரம்பித்து, பாதியில் நின்று, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தவைதான் எனக்குத் தெரிகின்றன.

தாராவியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தாராவியைத்தான் அவர்கள் முதல் உதாரணமாகக் காட்டுகிறார்கள். “ஆளாளுக்கு ஒன்று கேட்கிறான், அதனால்தான் இருபது வருடமாகத் திட்டம் இழுக்கிறது” என்கிறார்கள். நடந்தது என்ன? மும்பையில் மற்றக் குடிசைச் சீரமைப்புத் திட்டங்களுக்குக் குடியிருப்பவர்களில் பெரும்பான்மையோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். வெகுகாலம் அது 70 சதவீதமாக இருந்தது. அரசே முன்னின்று நடத்தும் திட்டம் என்று சொல்லித் தாராவிக்கு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதாவது மக்கள் கையெழுத்து இல்லை என்பதால் இந்தத் திட்டம் ஒரு நாள்கூட நின்றிருக்க வழியில்லை.

பிறகு எதனால் நின்றது? 2004-இல் மாநில அரசு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2007-இல் தாராவியை ஐந்து செக்டராகப் பிரித்து உலகம் முழுக்க நிறுவனங்களை அழைத்தது. உலகப் பொருளாதாரம் சரிந்ததும் வந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 2011-இல் அந்த டெண்டர் ரத்தானது. 2016-இல் மறுபடி கூப்பிட்டார்கள், தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தும் ஆள் வரவில்லை. 2018-இல் மூன்றாவது முறை. 2019-இல் துபாயைச் சேர்ந்த செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடிக்கு முன்வந்தது. ரயில்வே நிலத்தைச் சேர்ப்பதில் எழுந்த சிக்கலைக் காரணம் காட்டி 2020-இல் அதையும் அரசு ரத்து செய்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்கு எடுத்தது. செக்லிங்க் வழக்குக்குப் போனது. 2024 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இந்தக் கதையில் தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் குடியிருப்பவர் எங்கே குறுக்கே வந்தார்? டெண்டர் போட்டவர்களும், பின்வாங்கியவர்களும், ரத்து செய்தவர்களும், வழக்குப் போட்டவர்களும் எல்லாரும் மேலே இருப்பவர்கள். தாமதம் அவர்களுடையது. பழி மட்டும் சந்துக்குள் இருப்பவர் தலையில்.

இதைக் கிளர்ச்சிக்காரர்கள் மட்டும் சொல்லவில்லை. அரசே தாராவிக்காக ஒரு நிபுணர் குழுவை வைத்தது. மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற டி. எம். சுக்தாங்கர் அதற்குத் தலைவர். அந்தக் குழு 2009-இல் முதலமைச்சருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதி, திட்டம் போகிற போக்கு நிலப்பறிப்பு என்றே கண்டித்தது. இதே சுக்தாங்கர்தான் 1984-85-இல், கவுன்சிலர்கள் இல்லாத காலத்தில், மும்பை மாநகராட்சிக்கு நிர்வாகியாக இருந்தவர். ஒற்றை ஆளாக ஊரை நடத்துவது எப்படி என்று அனுபவித்தவர் குடியிருப்பவர்கள் பக்கம் நின்று பேசியிருக்கிறார். நிர்வாகி ஆட்சியைப் புகழ்கிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது நகரத் திட்டம். “பிளானிங் எல்லாம் நிபுணர்கள் வேலை, சாமானியனுக்கு என்ன தெரியும்?” என்பவர்கள் 2015-ஐ மறந்துவிட்டார்கள். மும்பைக்கு 2034 வரைக்குமான வளர்ச்சித் திட்ட வரைவை ஒரு பிரெஞ்சு ஆலோசனை நிறுவனத்தின் உதவியோடு தயாரித்து, 2015 பிப்ரவரியில் மாநகராட்சி வெளியிட்டது. வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மேலேயே ரோடு போட்டிருந்தார்கள். பழைய கோயில்களும் தேவாலயங்களும் விட்டுப்போயிருந்தன. பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் இருந்தவை வரைபடத்தில் இல்லை. அதைக் கண்டுபிடித்தது யார்? அந்தந்தத் தெருவில் குடியிருப்பவர்கள். ஒவ்வொரு வார்டு ஆபீஸ் வாசலிலும் ஆட்சேபணை மனுவோடு ஆட்கள் நின்றார்கள். குடிசைப் பகுதி அமைப்புகள் மராத்தியில் வரைவு வேண்டும் என்று போராடின. மனுக்கள் 60,000-ஐத் தாண்டின. அதே வருடம் ஏப்ரலில் முதலமைச்சர் பட்னாவிஸ் வரைவைத் திருத்தி எழுதச் சொல்லி உத்தரவிட்டார். திருத்திய வரைவு 2016-இல் வந்தது, 2018-இல் ஒப்புதல் கிடைத்தது.

பார்த்தீர்களா, மக்களால் மூன்று வருடம் வீணாகிவிட்டது என்று இதையும் திருப்பிச் சொல்வார்கள். இல்லை. வரைவு போடுவதற்கு முன்னால் அந்தந்தத் தெருவில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அந்த மனுக்களில் பெரும்பகுதிக்கு வேலையே இருந்திருக்காது. தன் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிய நகரமைப்பில் பட்டம் வேண்டாம். காகிதத்தில் ஓடிய தவறு காகிதத்திலேயே பிடிபட்டது. கட்டி முடித்த பிறகு பிடிபட்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாஹுல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மனு கொடுக்கும் வாய்ப்பும் தாராவிக்குக் கிடைக்கவில்லை. தாராவி தனித் திட்ட ஆணையத்தின் கீழ் போய்விட்டதால் நகரத் திட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. ஊர் முழுக்க ஆட்சேபணை சொன்னபோது, ஊரின் நடுவே இருக்கிற இத்தனை பெரிய பகுதி வாய் திறக்க இடமில்லாமல் இருந்தது.

மேலே சொன்ன மாஹுல் செம்பூரை ஒட்டியிருக்கிறது. சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயன ஆலைகள். அங்கே எவர்ஸ்மைல் லேஅவுட் என்ற பெயரில் 72 கட்டடங்கள் எழுந்தன. தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டிக் குடிசை போட்டிருந்தவர்களை 2017-லிருந்து அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். இந்தப் பகுதியின் காற்று உடம்புக்கு ஆகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே சொல்லியிருந்தது. போனவர்களுக்கு மூச்சுத்திணறல், தோல் வியாதி, காசநோய். தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வித்யாவிஹார் ஃபுட்பாத்தில் வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2019-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, அங்கே போகமாட்டேன் என்பவர்களுக்கு வேறு வீடு கொடு, இல்லாவிட்டால் மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்றது. கட்டிய வீடுகளில் ஏராளமானவை ஆளில்லாமல் கிடந்தன. “மாஹுலுக்குப் போகிறீர்களா?” என்று முன்கூட்டியே ஒரு கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால் ஒரே மாலையில் பதில் கிடைத்திருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பாடம் ஏறவில்லை. இன்று தாராவியில் “தகுதியில்லை” என்று தள்ளப்படுபவர்களுக்காக ஒதுக்கிய இடங்களில் ஒன்று தேவ்னார் குப்பை மேட்டில் 124 ஏக்கர். 1927-லிருந்து இந்த ஊர் குப்பையைக் கொட்டி வரும் இடம் அது. அங்கே குடியேறப் போகிறவரிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை.

நிர்வாகி காலத்துக்கு வருகிறேன். 2022 மார்ச் 7-ஆம் தேதி பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தது. ஒதுக்கீட்டு வழக்கிலும் வார்டு எண்ணிக்கைத் தகராறிலும் தேர்தல் மாட்டிக்கொள்ள, கிட்டத்தட்ட நான்கு வருடம் ஆணையரே நிர்வாகி. செலவுத் திட்டத்தை எழுதி வைப்பவர் அவர். அதை அலசி ஒப்புதல் தர வேண்டிய ஸ்டாண்டிங் கமிட்டியின் அதிகாரமும் மாமன்றத்தின் அதிகாரமும் அவர் கையில். 2025-26-இல் இந்த மாநகராட்சியின் பட்ஜெட் 74,427 கோடி. சில மாநிலங்களின் பட்ஜெட்டைவிடப் பெரிய தொகையை ஒருவர் முன்மொழிந்து, அவரே வழிமொழிந்து, அவரே கையெழுத்துப் போட்டார்.

ஸ்டாண்டிங் கமிட்டி ஒன்றும் புனிதமான சபை இல்லை. அங்கே பேரம் நடந்ததில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தக் கமிட்டிக்குப் போகும் ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு காகிதம் இருந்தது. அது கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர் கைக்கு வரும், நிருபர் கைக்கும் வரும். எதிர்க்கட்சிக்காரன் தன் லாபத்துக்காகவாவது அதைக் கிழித்துப் பேசுவான். அவர்களுக்குள் நடந்த சண்டையில்தான் நமக்குத் தகவல் கிடைத்தது. நிர்வாகி காலத்தில் சத்தம் நின்றது, கூடவே காகிதமும் நின்றது. அந்த அமைதியைத்தான் நம்மவர்கள் நல்லாட்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

சரி, வேகமாவது வந்ததா? 2023 ஜனவரியில் சுமார் 400 கிலோமீட்டர் ரோட்டைச் சிமென்ட் ரோடாக்க 6,000 கோடிக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்தார்கள். கேள்வி கேட்க மாமன்றம் இல்லை. தெற்கு மும்பைப் பகுதியை எடுத்தவர் வேலையைத் தொடங்கவே இல்லை; அந்த வருடம் முடிவதற்குள் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்து திரும்ப டெண்டர் விட்டார்கள். 2025 மழைக்காலம் வந்தபோது ஊரெங்கும் பாதி தோண்டிய ரோடு. இதே நிர்வாகி காலத்தில்தான், வார்டு வேலைகளுக்கென்று எம்.எல்.ஏ.க்களுக்கு ஒதுக்கிய மாநகராட்சிப் பணம் ஆளும் தரப்புக்கு மட்டும் போயிருக்கிறது, கேட்ட எதிர்க்கட்சியினருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று 2024 தொடக்கத்தில் இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. தாராவி அப்போது எதிர்க்கட்சித் தொகுதி.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். “மக்கள் பங்கேற்பு என்று சொல்லி வருபவர்கள் எல்லாம் வசதியானவர்கள், ஏழைக்கு அதில் இடம் கிடைக்காது” என்பது அது. இதில் பாதி உண்மை. மாட்டுங்காவையே எடுத்துக்கொள்வோம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் துல்புலே ஃப்ளைஓவர் அடியில் பார்க்கிங்கும் ஆக்கிரமிப்பும் வந்து அடையாமல் குடியிருப்பவர்களே காவலுக்கு ஆள் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வருடக்கணக்கில் மாநகராட்சியின் கதவைத் தட்டினார்கள். 2016-இல் அங்கே நானாலால் மேத்தா பூங்கா திறந்தது. நர்மதை ஓடுவதைப் போல வளைந்து போகும் நடைபாதை, சாயங்காலம் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் நிறைந்திருக்கும் இடம். மக்கள் கேட்டதால் வந்தது. ஆனால் அவர்களால் கேட்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. உதவி ஆணையரின் போன் நம்பர் அவர்களிடம் இருந்தது, மனு எழுத இங்கிலீஷ் இருந்தது, பகலில் ஆபீஸ் ஏற நேரம் இருந்தது. 1990-களின் கடைசியில் மாநகராட்சி உருவாக்கிய ஏ.எல்.எம். என்ற குடியிருப்போர் குழுக்களும் இப்படித்தான். குப்பையைப் பிரிக்க ஆரம்பித்து, சில இடங்களில் தெருவோர வியாபாரியை விரட்டுவதில் போய் முடிந்தன.

இதற்கு மருந்து மாட்டுங்காவின் வாயை மூடுவதா, தாராவிக்கும் அதே போன் நம்பரைக் கொடுப்பதா? இரண்டாவதுதான் என்பேன்.

“கொடுத்தாலும் வரமாட்டார்கள்” என்பார்கள். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, ஏழு மணிக்குள் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊருக்குள் போகிற திருநெல்வேலிக்காரரும், ராத்திரி ஒன்பது மணிக்கு லெதர் பட்டறையிலிருந்து வெளியே வருகிறவரும் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? நோட்டீஸ் மராத்தியில் ஒட்டியிருக்கும். விளக்கம் வேண்டுமென்றால் இங்கிலீஷில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா அதன் முன் நின்று, பள்ளிக்கூடம் விட்டு மகன் வரட்டும் என்று காத்திருப்பார். வரமுடியாத நேரத்தில், படிக்கமுடியாத மொழியில் கூப்பிட்டுவிட்டு அக்கறையில்லாத ஜனம் என்று சொல்வது அநியாயம்.

வாய்ப்புக் கிடைத்தபோது இந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு நம் மொழிக்காரர் ஒருவரே சாட்சி. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜாக்கின் அற்புதம் டிராம்பேயில் ஜனதா காலனியில் இருந்தார். அங்கே மாநகராட்சி குப்பை அள்ள வருவதில்லை. ஒரு நாள் காலனிப் பிள்ளைகளைப் பிக்னிக் என்று சொல்லித் திரட்டி, ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொஞ்சம் குப்பையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, ஊர்வலமாகக் கூட்டிப்போய் மாநகராட்சி ஆபீசில் கொட்டவைத்தார். பேட்டிகளில் அவரே சொன்ன சம்பவம் இது. அதன் பிறகு குப்பை வண்டி வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அந்தக் காலனியை அணுசக்தி மையத்துக்காக இடித்துத் தள்ளி, மக்களைச் சீட்டா கேம்ப்புக்கு மாற்றினார்கள். ஜாக்கின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டினார்.

1985-இல் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி அறிவித்து, அதில் தாராவிக்கு ஒரு பங்கு என்றபோது, அரசிடம் தாராவியின் ஜனத்தொகைக்கு ஒழுங்கான கணக்கே இல்லை. கூட்டமைப்பும் ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் தாராவிக்காரர்களையே வைத்துச் சந்து சந்தாக எண்ணின. 1,06,000 குடும்பங்கள் என்று கணக்கு வந்தது. அரசு நினைத்துக்கொண்டிருந்ததைவிட மிக மிக அதிகம். சாக்கடை ஓரத்தில் நின்று எண்ணியவர்கள், பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள், அரசாங்கத்தின் கணக்கைத் திருத்தினார்கள்.

கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து, 2024 மார்ச்சில், தாராவியின் கமலா ராமன் நகரிலிருந்து இன்னொரு கணக்கெடுப்பு தொடங்கியது. இந்த முறை எண்ணியது நிறுவனம். டிரோன், லேசர் கருவி எல்லாம் வந்தன. ஒரு சந்துக்குள் போய்ப் பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டும். கீழே ஒரு அறை, வெளியே சுவரோடு நிமிர்ந்து நிற்கும் இரும்பு ஏணி, மேலே இன்னொரு அறை. கதவுக்குப் பக்கத்தில் சர்வே நம்பர் எழுதியிருக்கிறது. கீழ் அறையில் இருப்பவர் 2000 ஜனவரி 1-க்கு முன் வந்ததைக் காகிதத்தில் நிரூபித்தால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011-க்குள் வந்தவருக்கு 2.5 லட்சம் கட்டினால் தாராவிக்கு வெளியே வீடு. அதற்கும் பின்னால் வந்தவருக்கும், எப்போது வந்திருந்தாலும் ஏணி ஏறி மேலே இருப்பவருக்கும், வெளியே எங்காவது வாடகை வீடு. ஒரே ஏணியின் இரண்டு முனையில் இரண்டு விதி. அந்த விதியைப் போடும்போது ஏணிக்கு மேலே இருப்பவரை யாராவது கேட்டார்களா?

கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1992-இல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பெரிய நகரங்களுக்கு வார்டு கமிட்டி வைக்கச் சொன்னது. ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தின் பணம் வேண்டுமானால் மக்கள் பங்கேற்புச் சட்டம் போடு என்று டெல்லி சொல்ல, 2009-இல் மகாராஷ்டிரமும் வட்டார சபைக்கு வழிசெய்யும் சட்டம் போட்டது. நகர்ராஜ் சட்டம் என்று அதற்குப் பெயர். பணம் வந்தது, மும்பையில் சபை நடைமுறைக்கு வரவில்லை. தமிழ்நாடும் வெகுகாலம் தூங்கியதுதான். ஆனால் 2022-இல் விதிகளைப் போட்டு, நவம்பர் 1-ஆம் தேதி நகரங்களில் பகுதி சபைகளைக் கூட்டியது. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சர் ஸ்டாலின் போய் உட்கார்ந்தார். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் திருநெல்வேலியில் இருக்கும் தம்பிக்குத் தன் தெரு விளக்கைப் பற்றிக் கேட்க ஒரு சபை இருக்கிறது. தாராவியில் இருக்கும் அண்ணனுக்கு இல்லை. மும்பையிலிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய புனேயில், 2006-லிருந்து குடிமக்கள் தங்கள் வார்டுக்கான சின்ன வேலைகளை எழுதிக் கொடுத்துப் பட்ஜெட்டில் சேர்க்க முடிகிறது. புனே அதனால் நின்றுபோய்விடவில்லை.

புதிய மாமன்றத்திடம் கேட்க வேண்டியவை நீளமானவை இல்லை. வட்டார சபையை 2009 சட்டப்படி கூட்டுங்கள். வார்டுக்கு வந்த பணம், கொடுத்த ஒப்பந்தம், எடுத்தவர் பெயர், முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றை அந்த வேலை நடக்கும் தெருவிலேயே போர்டில் எழுதி வையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் மனுப் போடுவதற்கு முன்பே நீங்களாகச் செய்ய வேண்டும் என்று 2005-லேயே சொல்லிவிட்டது. தாராவியின் கவுன்சிலர்கள் ஜி நார்த் வார்டு ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, “அது தனி ஆணையம், எங்கள் அதிகாரத்தில் வராது” என்று கைவிரிக்கக் கூடாது. தகுதியுள்ளவர் யார் என்று சொல்லும் அனெக்ஸர் டூ பட்டியல் வெளியாகும் ஒவ்வொரு நகரிலும் அதை மராத்தி, இந்தி, தமிழ், உருது நான்கிலும் சந்து முனையில் ஒட்டவைக்க வேண்டும். ஆட்சேபணை கேட்கும் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த நகரிலேயே நடத்தவைக்க வேண்டும். பெயர் விட்டுப்போனவருக்கு என்ன காரணத்தால் விட்டுப்போனது என்று எழுத்தில் பதில் வாங்கித்தர வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்குத் தகுதியுள்ளவர்களை மட்டும் கூப்பிட்டால் போதும் என்ற யோசனை இப்போதே கிளம்பிவிட்டது. அதை ஒத்துக்கொள்ளக் கூடாது. ஏணிக்கு மேலே இருப்பவர் வீட்டுக்குத் தகுதியில்லாதவர் என்று திட்டம் சொல்லலாம். அவரிடம் இந்த வார்டின் வாக்காளர் அட்டை இருக்கிறது, ஜனவரி 15 அன்று அவர் வரிசையில் நின்று வாக்களித்திருக்கிறார், அந்த வாக்கையும் எண்ணித்தான் இந்தக் கவுன்சிலர் ஜெயித்திருக்கிறார்.